இத்தாலித் தோலுக்கு வைத்த பொட்டு

என் தங்கையும் அவள் கணவரும் தங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகும் தெருவொன்றில், இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. கூடத்தில் முக்கால் பங்கை அந்தச் சோபா பிடித்திருந்தது. எல் வடிவம், கிரீம் நிறம், உண்மையான தோல். எதிரே சுவரோரம் மிச்சமிருந்த இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். தொலைக்காட்சி அதே சுவரில் அவர்கள் தலைக்கு மேல் இருந்ததால், அதைப் பார்க்கவும் வழியில்லை. சீரியலைக் காதால் கேட்டுக்கொண்டு, சோபாவைப் பார்த்தபடி காபி குடிப்பார்கள்.

சோபா அவர்களுடையதல்ல, மகனுடையது. பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை பார்த்தபோது வாங்கினான். கனடாவுக்குக் கிளம்பும்போது விற்க மனம் வரவில்லை. பெற்றோர் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். அதன் மேல் பழைய பெட்ஷீட் ஒன்றும், அதற்கும் மேல் பெயிண்டர்கள் தரையில் விரிக்கும் வகைப் பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்றும் போர்த்தப்பட்டன. விருந்தாளி வந்தால் பிளாஸ்டிக் மட்டும் விலக்கப்படும். முக்கியமான விருந்தாளி என்றால் பெட்ஷீட்டும். எனக்குப் பிளாஸ்டிக் விலகியதோடு சரி.

தங்கையின் கணவர் அரசுத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சோபா வந்தபிறகு அவருக்குப் புதிதாக ஒரு பதவி கிடைத்த மாதிரி. கீழ் வீட்டு மாமி ஒருமுறை கேட்டார்.

"இது மாட்டுத் தோலா சார்?"

"இத்தாலித் தோல் மாமி."

"அதான், இத்தாலி மாடா?"

"மாடெல்லாம் போடலை மாமி. இத்தாலின்னுதான் போட்டிருக்கு."

மாமி சமாதானமாகிவிட்டார். இத்தாலி என்பது சைவமான ஏதோ ஒரு பிராணி என்று இருவரும் ஒப்புக்கொண்ட முகத்தோடு பிரிந்தார்கள். இதே மனிதர் நாகல்கேணி வழியாகப் போகும்போது தோல் ஷெட்டுகளின் நாற்றம் என்று காரின் கண்ணாடியை ஏற்றுவார். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே தோல் பதனிடும் தொழிலால்தான் என்று நான் சொன்னபோது, "அதெல்லாம் வேற தோல்க்கா" என்றார். வீட்டில் யாருமில்லாத நேரத்தில் சோபாவின் கைப்பிடியில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார் என்று தங்கை சொன்னாள். அவள் பொய் சொல்கிறவளல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகன் வீடியோவில் வருவான். தங்கைக்கு முழங்கால் வலி, கணவருக்குச் சர்க்கரை. இவை இரண்டும் சோபாவுக்குப் பிறகுதான் விசாரிக்கப்படும். "கேமராவ அந்தப் பக்கம் திருப்புங்க மா." திருப்புவாள். "ஓகே. வெண்ட்டிலேஷன் வேணும் மா அதுக்கு." பல வருடம் பத்திரிகையில் செய்தி மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். மந்திரிகளின் ஆய்வுச் சுற்றுப்பயணங்களை எத்தனையோ வெட்டிச் சுருக்கியிருக்கிறேன். இவனுடையதில் ஒரு பத்தியைக்கூட வெட்டமாட்டேன்.

கடந்த வருடத்திலிருந்து அவன் வேறொரு பேச்சை எடுத்தான். ஊரப்பாக்கம் தாண்டி முதியோர் குடியிருப்பு ஒன்று வந்திருக்கிறது. சாப்பாடு, டாக்டர், காலையில் யோகா. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே போய்விடலாம். அப்பா ஒருமுறை குளியலறையில் வழுக்கினார், அம்மா ஒருமுறை பால் பாத்திரத்தைக் கருக்கினாள். இவற்றை அவன் வழக்குரைஞர் மாதிரி அடுக்குவான்.

தங்கைக்குப் போக விருப்பமில்லை. வீடு அவள் பெயரில் இருந்தது. தொலைபேசித் துறையில் வேலை செய்து, கடன் போட்டு அவள் வாங்கியது. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதும், வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதும் வேறு வேறு விஷயங்கள். அவள் கணவர் மகனிடம் பாதி தலையை ஆட்டிவிட்டார். மகன் எதைச் சொன்னாலும் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நம்புகிற ஆள். கடைசியில் மகன் ஒரு சலுகை கொடுத்தான்.

"நான் ஜனவரில வர்றேன். வந்து பாக்கறேன். வீட்ட ஒழுங்கா மெயிண்டெயின் பண்றீங்கன்னா, அப்பறம் யோசிக்கலாம்."

பெற்ற தாய்க்குத் தேர்வு. தேர்வு எதில் என்று யாருக்கும் சந்தேகமில்லை. ஆறு பேர் உட்காரும் அளவில் அது கூடத்தில் கிடந்தது.

பிழை நடந்தது ஆயுத பூஜையன்று. நம் வீடுகளில் அன்றைக்குக் குளிர்சாதனப் பெட்டிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் பொட்டு வைப்போம். தங்கையின் கணவர் இந்த வேலையை யாருக்கும் விட்டுக் கொடுக்கமாட்டார். மிக்சி, கிரைண்டர், இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிப்பான், கீழே நிற்கும் ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தார். கிண்ணத்தில் சந்தனம் மிஞ்சியது. தங்கை அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அவர் பிளாஸ்டிக்கை விலக்கி, பெட்ஷீட்டை விலக்கி, சோபாவின் முதுகில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒன்று வீதம் பொட்டு வைத்தார். சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகக் குழைத்திருந்தார். பூஜை முடிந்ததும் பெட்ஷீட் துவைக்கப் போனது. அவர் பிளாஸ்டிக் தாளை மட்டும் நேராகத் தோலின் மேல் போட்டு இறுக்கமாகச் செருகிவிட்டார்.

பிறகு மழை வந்தது. அந்த வருடம் வெள்ளமில்லை, ஆனால் சுவரைத் தொட்டால் கை ஈரமாகிற மழை. கூடத்தில் பழைய செருப்புக் கடையின் வாடை வர ஆரம்பித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று அவர் பரணில் தேடினார். தங்கைதான் பிளாஸ்டிக்கைத் தூக்கினாள். இருக்கைகளின் மடிப்புகளில் சாம்பல் நிறப் பூஞ்சை. முதுகில் ஒவ்வொரு பொட்டும் உள்ளங்கை அளவுக்கு விரிந்து, நடுவில் ரோஸ், ஓரத்தில் மஞ்சள் என்று பூத்திருந்தது. மலிவான குங்குமத்தில் இருப்பது சாயம். ஈரம் கிடைத்தால் அது தன் வேலையைச் செய்யும்.

"சாமிக்கு வச்சது. அதுக்குப் போய் கறையாகுமா?" என்று கேட்டாராம் அவர். தான் செய்தது தவறு என்று தோன்றவில்லை. தோல்தான் நன்றி கெட்டதாக அவருக்குத் தெரிந்தது.

அவர் எடுத்த நடவடிக்கைகளைச் சொல்ல வேண்டும். முதலில் ஈரத்துணி. ரோஸ் இன்னும் அகலமாகியது. அடுத்து டெட்டால், பூஞ்சைக்கு. வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது, பூஞ்சை அப்படியே இருந்தது. பிறகு யாரோ ஒருவர் வீடியோவில் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொன்னதைப் பார்த்து, தலைக்குத் தேய்ப்பது போல உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தார். ஓர் இருக்கை முழுக்கக் கருத்துவிட்டது. கடைசியாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வாங்கிவந்து, பஞ்சில் நனைத்து, ஒரு பொட்டைத் துடைத்தார். பஞ்சில் முதலில் ரோஸ் வந்தது. சந்தோஷப்பட்டார். அடுத்து மஞ்சள் வந்தது. அதற்கும் சந்தோஷப்பட்டார். பிறகு கிரீம் வந்தது.

அதோடும் விடவில்லை. சோபா சுத்தம் செய்யும் சர்வீஸ்காரர் ஒருவரைப் போனில் பிடித்தார். அவர் மேடவாக்கத்திலிருந்து இயந்திரத்தோடு வந்தார்.

"ரெக்சின் தானே சார்?"

"இத்தாலித் தோல்ப்பா."

"எல்லாம் ஒண்ணுதான் சார். ஷாம்பூ போட்டு ஒரு சக்‌ஷன் குட்த்தா பளபளன்னு ஆய்டும்."

ஓர் இருக்கைக்கு நுரை போட்டு உறிஞ்சி எடுத்தார். காய்ந்ததும் அது அப்பளமாக விறைத்துக்கொண்டது. மற்ற இருக்கைகளில் கைவைக்குமுன் தங்கை அவரை அனுப்பிவிட்டாள். படியிறங்கும்போது, "நல்ல ரேட்டிங் போடுங்க சார்" என்றார். தங்கையின் கணவர் போட்டார். அஞ்சு நட்சத்திரம்.

அதன் பிறகுதான் தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

அவள் என்னிடம் எதற்கும் உதவி கேட்டவளில்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். அவள் சோபாவின் முன் தரையில் உட்கார்ந்திருந்தாள். "இத அவன் பாத்தான்னா முடிஞ்சுது. வீட்ட பாத்துக்கத் துப்பில்லன்னு மூட்ட கட்ட வச்சிடுவான்" என்றாள். குரலில் அழுகையில்லை. அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

தோல் சோபாவைச் சுத்தம் செய்வது எப்படி என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் ஈரப்பதமில்லாத ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வருடம் முழுக்க மழையில்லாத ஏப்ரல் வானம். அவர்கள் சொல்வதில் நம் ஊருக்குப் பாதி தேறும். அந்தப் பாதியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். முதலில் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் பூஞ்சையை மடிப்பு மடிப்பாகத் தட்டி எடுத்தோம். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது அடுத்த இருக்கையில் குடியேறும். பிறகு குழந்தைகளுக்குப் போடும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியைத் தோய்த்து, இனிப் பிழிய ஒன்றுமில்லை என்கிற அளவுக்குப் பிழிந்து, துடைத்தோம். எதையும் முதலில் சோபாவின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் சோதித்துப் பார்த்தாள் தங்கை. எண்ணெய் தேய்த்த இருக்கைக்கு முகப்பவுடரைக் கொட்டி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டினோம். பவுடர் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது. நாலைந்து தடவை பூசினோம். என் தங்கை தன் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பவுடர் போட்டவளில்லை.

தங்கையின் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து மேற்பார்வை செய்தார்.

"அக்கா, இதுக்கெல்லாம் ஸ்ப்ரே இருக்கு. ஒரு அடி அடிச்சா முடிஞ்சுது."

"நீங்க போய் டிவி பாருங்க" என்றாள் தங்கை.

"டிவி இங்கதானே இருக்கு."

"அப்ப வாயையாவது மூடிட்டிருங்க."

தோலை இளக்கும் கண்டிஷனர் ஆன்லைனில் வந்தது. சின்ன பாட்டில், வெள்ளைக் களிம்பு. விறைத்த இருக்கையில் அவள் அதை மிக மெலிதாக, விரல் நுனியால், சின்னச் சின்ன வட்டமாகத் தடவினாள். காய விட்டாள். துணியால் துடைத்தாள். மறுநாள் திரும்பவும் தடவினாள். தோல் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டு இளகியது. உயிரோடு இருந்தபோது அந்த மாட்டை யாரும் இப்படித் தடவிக் கொடுத்திருக்கமாட்டார்கள். மரம் செத்தால் பலகையாகிச் சும்மா கிடக்கிறது. தோல் மட்டும் செத்த பிறகும் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதைப் பெருமை என்று காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அன்றைக்கு அது இன்னும் கீழே இறங்கியது.

குங்குமக் கறை முழுசாகப் போகவில்லை. வெளிறியது, அவ்வளவுதான். தோலுக்கென்று விற்கும் வண்ணத்தை வரவழைத்து, கிரீமில் துளி பழுப்பைக் கலந்து, அடிப்பக்கத்தில் காயவைத்துப் பார்த்து, இன்னும் அரைத் துளி கலந்து, ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றிக் கறைகளை மூடினாள். நகப்பூச்சுத் திரவம் தின்ற இடத்தை மட்டும் மூன்று பூச்சு பூச வேண்டியிருந்தது. முடித்துவிட்டு ஜன்னல் திரையை விலக்கினாள். வெளிச்சத்தில் நான் குனிந்து தேடினேன். பிழை திருத்துவதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஒரு பொட்டு வைத்த இடத்தைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது, அதுவும் இடம் தெரிந்ததால். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மகனும் மருமகளும் பொங்கலுக்கு முன் வந்தார்கள். அவன் காலணியைக் கழற்றிவிட்டு நேரே சோபாவிடம் போனான். உள்ளங்கையை வைத்து அழுத்தினான். போனின் விளக்கைச் சாய்த்துப் பிடித்து முதுகைப் பார்த்தான். மடிப்புக்குள் விரலை விட்டு முகர்ந்தான். அப்பாவும் மகனும் ஒரே அச்சு.

"சூப்பர் மா. நல்லா மெயிண்டெயின் பண்ணிருக்கீங்க."

தங்கையின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியதை நான் பார்த்தேன். அன்றிரவு அவள் அவனுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள். எனக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்பினாள்.

பொங்கல் கழிந்து ஒரு காலை, நான் அங்கே இருந்தேன். அவன் கூடத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளை பால்கனிக்குத் தள்ளிவிட்டு, மெத்தைத் தலையணைகளை நேராக்கிவிட்டு, ஒவ்வொரு கோணத்திலும்.

"எதுக்குடா போட்டோ?" என்றாள் தங்கை.

"ரெண்ட் லிஸ்ட்டிங் போட மா. ஃபர்னிஷ்டுன்னு போட்டா உடனே போயிடும். சோபா இருக்கற கண்டிஷனுக்கு நல்ல டெனண்ட்டா வருவான்."

"வீடு ஒழுங்கா இருந்தா யோசிக்கலாம்னு சொன்னியேப்பா."

"ஆமா மா. ஒழுங்கா இருக்கு. அதனாலதான் இப்பவே விட்டுடலாங்கறேன். அங்க ரூம் புக் பண்ணிட்டேன். அட்வான்ஸும் கட்டியாச்சு."

வீடு கெட்டிருந்தால் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று காலி செய்ய வேண்டும். நன்றாக இருந்தால் வாடகைக்குத் தோதாக இருக்கிறது என்று காலி செய்ய வேண்டும். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கூச்சமே இல்லை. தனக்குள் முரண்பாடு இருப்பதுகூடத் தெரியாத அறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் கீழே கையெழுத்தாவது இருக்கும்.

தங்கையின் கணவர் தொண்டையைச் செருமினார். "ஒரு தடவ போய்த்தான் பாக்கலாமே. காலைல யோகாலாம் இருக்காம்."

"நீங்க குனிஞ்சு செருப்பு போட்டு எத்தன வருஷமாச்சு" என்றாள் தங்கை. பிறகு மகனிடம் திரும்பினாள்.

"அந்த ரூம் பெருசா?"

"பெருசு மா. அட்டாச்டு."

"ஏசி இருக்கா?"

"இருக்கு மா."

"தினம் துடைக்க ஆள் வருமா?"

"டெய்லி ஹவுஸ்கீப்பிங் மா. நீங்க கையக்கூட அசைக்க வேணாம்."

"சரி, அட்ரஸ் அனுப்பு."

அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். அவன் அப்பாவுக்கு நிம்மதி. தங்கை இறங்கி வந்துவிட்டாள் என்றே நானும் நினைத்தேன். எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது.

அடுத்த நாள் நான் போனபோது மகன் தன் மனைவியோடு முடிச்சூரில் அவள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவர்கள் தெருமுனை திரும்பியதும் தங்கை கேம்ப் ரோடு வண்டி ஸ்டாண்டில் சொல்லி டாடா ஏஸ் சரக்கு வண்டி ஒன்றை வரவழைத்தாள். மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் பெரியவர் சோபாவைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னாக்கா இது, சோபாவா, பஸ்ஸா? லிஃப்ட்ல போவாதே."

"ரெண்டா கழலும். படில எறக்கிடுங்க. கீறல் விழக்கூடாது."

"கீறல் இன்னாக்கா, இதுக்கு ஊசி போட்டாக்கூட தெரியாது, அவ்ளோ தடியாகீது. டேய் மச்சான், அந்தாண்ட புடி. வூட்ட வாடகைக்கு உட்டுட்டியாக்கா?"

"இல்லப்பா. ஊரப்பாக்கம் தாண்டி ஒரு முதியோர் ஹோம். அட்ரஸ் உன் போனுக்கு அனுப்பிருக்கேன். ரூம் ரெடியா இருக்கு. என் பையன் பேரச் சொல்லி எறக்கிடு."

தங்கையின் கணவர் எழுந்து நின்றார். "ஏய், நாம எப்ப போறோம்? நான் இன்னும் துணிகூட எடுத்து வைக்கல."

"நாம போகல. அதனாலதான் அது போகுது."

தூக்குகிறவர்கள் "தள்ளு சார், தள்ளு சார்" என்று அவரைச் சுவரோடு ஒதுக்கிவிட்டுப் போனார்கள். அவர் சுவரோடேயே நின்றார்.

மாலையில் மகன் திரும்பினான். கூடத்தின் நடுவில் நின்று, தவறான மாடிக்கு வந்துவிட்டவன் மாதிரி கதவு எண்ணைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, சோபா எங்க?"

"நீ புக் பண்ண ரூம்ல."

"வாட் நான்சென்ஸ் மா?"

"வீடு என் பேர்ல இருக்கு. நான் எங்கயும் வரல. லிஸ்ட்டிங்க எடுத்துடு."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டு அறைக்குள் போனாள். தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகை மாதிரி இல்லை. மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பா செய்தித்தாளைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், வணக்கம் சார். ஹோம் மேனேஜர் பேசறேன். உங்க பேர்ல ஒரு சோபா வந்திருக்கு சார். ரூம்ல வச்சாச்சு. கட்டில் போட எடமில்ல. பெரியவங்க எப்ப சார் வர்றாங்க?"

தங்கை கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான்.

"நான் அவன் அம்மா பேசறேன் சார். வேற யாரும் வரல. அது மட்டுந்தான். வெயில் படாம வைங்க. பிளாஸ்டிக் போட்டு மூடிடாதீங்க, பூஞ்ச புடிக்கும். மாசத்துக்கு ஒரு தடவ நல்லா பிழிஞ்ச துணியால துடைக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ கண்டிஷனர் தடவணும், இல்லன்னா வெடிச்சிடும்."

"சரிங்கம்மா" என்றார் அவர். எழுதிக்கொள்கிற குரல்.

"ஞாயித்துக்கிழம காலைல என் பையன் வீடியோல கூப்புடுவான். எடுத்துக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, போனை மகனிடம் திருப்பிக் கொடுத்தாள்.